கதவின் உபயகாரர்கள்

போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, நடுக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் தந்து, "அங்கிள், உங்கடை அனுபவத்திலை இருந்து ரெண்டு சொல்லுங்கோ" என்றீர்கள். நான் இரண்டு பகிடியைச் சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். படியிறங்கும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை பின்னாலேயே வந்து கேட்டாள்: "அங்கிள், கூட்டம் முடியுமட்டும் அந்தத் தோல் பையை மடியை விட்டு இறக்கேல்லையே. உள்ளுக்கை அப்பிடி என்ன இருக்கு?"

உள்ளே ஒரு குடை இருந்தது. பாதி தின்ற பிஸ்கற் பக்கற் ஒன்றும் இருந்தது. கேள்விக்குப் பதில் அதுவல்ல என்பதால் இருமிச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளும். இத்தாலியனில் எழுதினால் வாசிக்கச் சுகம் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். இத்தாலியனில் நான் பெரிய தைரியசாலி. பயந்த கதையை எழுதத் தமிழ்தான் வசதி.

எங்கள் அறக்கட்டளை எதையும் தானாக நடத்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சிசிலி முழுவதிலும் கொடுக்க மனமுள்ளவர்கள் கொடுப்பதைச் சேர்க்கிறோம். சிசிலி முழுவதிலும் தங்கள் ஊருக்குள் சத்தமில்லாமல் நல்லது செய்கிறவர்களைத் தேடுகிறோம். ஓரிடத்தில் மீனவ விதவைகளின் தையல் அறை. இன்னோரிடத்தில் கண் தெரியாதவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டும் நாலு பேர். அவர்களை முன்னுக்கு விட்டு நாங்கள் பின்னால் நிற்கிறோம். யாருக்குப் பின்னால் நிற்பது என்று தீர்மானிக்க ஓர் ஆள் போய்ப் பார்க்க வேண்டும், இருந்து கதைக்க வேண்டும், தருவதைச் சாப்பிட வேண்டும், திரும்பி வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தப் "போய்ப் பார்க்கிற ஆள்" வேலை என்னுடையதாக இருந்தது. இப்போது உங்களுடையது.

எனக்கு அது கிடைத்தது திறமையால் என்று என் மனைவி ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் சொல்வாள். நடந்தது வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலெர்மோவில் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தின் யன்னல்களை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைவியாக இருந்த அம்மையார், எங்கள் எல்லாருக்கும் சிஞோரா, ஒருநாள் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"இந்த நகரத்திலை உங்களுக்குச் சொந்தக்காரர் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, சிஞோரா. ஒரு மச்சான் ஜெர்மனியிலை."

"நல்லது" என்றார். "என்ரை ஆக்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு ஒழுங்கையிலையும் ஒரு மச்சான் இருக்கிறான். நாளையிலை இருந்து நீங்கள் போய்ப் பாருங்கோ."

இது என்ன தகுதி என்று இன்றைக்கு நீங்கள் சிரிக்கலாம். மச்சான் இல்லாதவனை மச்சானைக் கொண்டு வளைக்க முடியாது. சந்திக்குச் சந்தி படையினர் துவக்கோடு நின்ற காலம் அது. சிசிலி என்றதும் உலகம் முழுக்க முதலில் ஞாபகப்படுத்திக்கொள்ளும் ஒரு சொல் இருக்கிறதே, அந்தச் சொல்லைப் பலெர்மோவில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அந்த ஆக்கள்" என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், பழக்கதோஷம். குண்டுக்குப் பயந்து எங்கள் ஊர்த் தீவுப்பகுதியிலிருந்து ஓடி வந்தவன் நான். வந்து இறங்கிய இடத்தைப் பார்த்தீர்களா? என் தெரிவுகள் எப்போதும் இப்படித்தான்.

சிஞோரா மெலிந்தவர், நரைத்தவர், குரலை உயர்த்தியே அறியாதவர். எங்கே இருந்தாலும், தன் அறையிலேயே இருந்தாலும், கறுப்புக் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருப்பார். கள்ளருக்குப் பயம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். தன் அலுவலகத்திலேயே கள்ளருக்குப் பயந்தால் அது என்னைப் பற்றிய சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் கொஞ்ச நாள் கவலைப்பட்டேன்.

என்னை அவர் முதலில் அனுப்பியது போர்கோ வெக்கியோ வட்டாரத்துக்கு. அங்கே சந்தையடியில், மீன் விற்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு பழைய களஞ்சிய அறை. அதை நடத்தியவர் திரேசா அக்கா, மன்னார்ப் பக்கத்தவர். வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்தார். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், அந்த ஒழுங்கையின் சிசிலியப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு முன்பு அந்தத் தாய்மார் என்ன செய்தார்கள் என்றால், விடிய எழும்பிப் பிள்ளையை அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டு, வேறு வீட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போனார்கள். வேறு வழியில்லை. திரேசா அக்காவும் அப்படித்தான் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒருநாள் அவருடைய மகள் பசிக்கு அடுப்பைத் திறந்திருக்கிறாள். பக்கத்து வீட்டார் கதவை உடைத்துப் பிள்ளையைத் தூக்கினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கை மட்டும் தழும்பாகிப் போனது. அதன் பிறகுதான் அக்கா தான் பார்த்த வீட்டு வேலையை விட்டு இந்த அறையைத் தொடங்கினார். கூரை ஒழுகியது, குளிருக்கு ஒன்றுமில்லை. எங்களிடம் அவர் கேட்டது அதற்கு மட்டும்தான்.

உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரிலிருந்து சட்டிவரை எல்லாவற்றிலும் பெயர். நம் ஊர்க் கோயிலில் குழாய் விளக்கில் வெளிச்சத்தை மறைத்து "உபயம்: இன்னார்" என்று எழுதி வைத்திருப்பார்களே, அதே வேலை. மன்னாரில் தேவாலயத்திலும் அப்படித்தானாம். பானையில் "உபயம்: செபமாலை குடும்பம்". திரைச்சீலையில் யாரோ பரமேஸ்வரி. இதைப் பார்த்த சிசிலியப் பெண்களுக்கும் ஆசை வந்து, அவர்கள் கொடுத்த சின்னக் கதிரைகளிலும் தங்கள் பெயரை எழுதுவித்திருந்தார்கள். கதவில் மட்டும் ஒன்றும் இல்லை.

"கதவு உங்கடை ஆக்களுக்கு, தம்பி" என்றார் திரேசா அக்கா. "கூரை போட்டுத் தந்தால் அதிலை உங்கடை பேர் போடுவம் எண்டு விட்டு வைச்சிருக்கிறன்."

அக்கா என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டதைக் கேட்டு, சந்தை முழுக்க அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டது. எதிரே மீன் விற்ற கொன்செத்தா என்ற கிழவி தூரத்தில் என்னைக் கண்டாலே "தம்பீ! இண்டைக்கு மத்தி நல்லது, வா!" என்று கத்துவாள். அவள் பேசியது தனிச் சிசிலியன். நான் என் தமிழில் தருகிறேன், அவளுக்குக் குறை ஒன்றும் வராது.

இனி நான் செய்த திருவிளையாடலுக்கு வருகிறேன்.

ஒரு முற்பகல், அக்கா உள்ளே பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். நான் வாசலில் இருந்து, பெயர் அழிந்துபோன ஒரு வாளிக்குத் திரும்பப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கையில் தூரிகை. அப்போது ஒரு கனவான் வந்தார். நல்ல உடுப்பு, பளபளத்த சப்பாத்து, கையில் பெரிய தட்டம் நிறையப் பலகாரம், பட்டு நாடாவால் கட்டியது.

"பிள்ளையளுக்கு" என்றார்.

எனக்கு வாய் நிறையச் சந்தோஷம். வாங்கி வைத்தேன். வைத்துவிட்டு, கோயில் கணக்குப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து, தூரிகையைத் தூக்கிப் பிடித்து, சந்தைக்கே கேட்கும்படி கேட்டேன்:

"மிக்க நன்றி! ஆருடைய உபயம்? என்ன பேர் எழுத?"

மீன் வெட்டும் சத்தம் நின்றது. பக்கத்தில் வெங்காயம் விற்றவன் குனிந்து எதையோ தேடினான், நிமிரவே இல்லை. கொன்செத்தா என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்தாள். அந்த மீனும் என்னைவிட விளக்கமாகத்தான் முழித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒழுங்கையில் அந்த மனிதரிடம் பெயர் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

கனவான் சிரித்தார். நல்ல சிரிப்பு, அப்பன் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. "என்ரை பேர் வேண்டாம், சிஞோர் தம்பி" என்றார். நாங்கள் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. "என்ரை அம்மாவின்ரை பேரைப் போடுங்கோ. வாளியிலை இல்லை." திரும்பிக் கதவைப் பார்த்தார். வெறுங்கதவு. "அங்கை. நல்ல மாபிள் கல்லிலை வெட்டிக் கொண்டுவாறன். கூரை, சுவர், அடுப்பு, எல்லாம் என்ரை பொறுப்பு. உங்கடை சிஞோராவுக்கு என்ரை வணக்கத்தைச் சொல்லுங்கோ. அடுத்த கிழமை கல்லுக்காரனோடை வாறன்."

அவர் போன பிறகு திரேசா அக்கா வாசலுக்கு வந்தார். கையில் சோறு காய்ந்திருந்தது.

"என்ன தம்பி செய்து வைச்சிருக்கிறியள்? ஆரிட்டைப் பேர் கேட்டனீங்கள் தெரியுமே?"

"தெரியாதக்கா. நல்லாத்தானே கதைச்சார்."

"அதுதானே பயம்" என்றார் அக்கா. "கத்துற மனிசர் எண்டால் நானும் திருப்பிக் கத்துவன்."

பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை. எறும்பு வந்தது. எறும்புக்குப் பெயர் கேட்கும் பழக்கம் இல்லை.

அலுவலகத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கதையைச் சொல்லச் சொல்ல அறையில் இருந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒருவருக்குப் பல்வலி வந்தது. ஒருவருக்குத் தாயாரின் நினைவு வந்தது. கடைசியில் நானும் சிஞோராவும் அவருடைய கைப்பையும் மட்டும்தான்.

"சிஞோரா, வாங்கினால் என்ன? கூரை கூரைதானே?"

"கூரை கூரைதான்" என்றார். "கதவு அவரின்ரை கதவு. கொஞ்ச நாளாலை அந்த அறைக்குள்ளை ஒரு பெட்டியை வைச்சிருக்கச் சொல்லுவார். தாய்மாருக்கு ஆரிட்டை நன்றி சொல்ல வேணும் எண்டு சொல்லிக் குடுப்பார். அதுக்குப் பிறகு பிள்ளையள் ஆரின்ரை வீட்டிலை வளருதுகள்?"

"அப்ப வேண்டாம் எண்டு ஒரு கடிதம்..."

"வேண்டாம் எண்டால் அறை எரியும்."

எனக்கு முழங்கால் ஆடத் தொடங்கியது. இது என் பிறவிக்குணம். பயம் வந்தால் என் முகம் ராசா மாதிரி இருக்கும், முழங்கால் மட்டும் தனியாகத் தாளம் போடும். மேசை கொஞ்சம் அதிர்ந்தது. சிஞோரா கவனித்தார்.

"பயமா இருக்கோ?"

"ஓம், சிஞோரா. வேறை ஆரையும் அனுப்புங்கோ. பயமில்லாத ஆளா."

"பயமில்லாத ஒருத்தரை முந்தி ஒரு இடத்துக்கு அனுப்பினனான். அவர் இப்ப அந்த ஆக்களோடை காப்பி குடிக்கிறார்."

பிறகு விசித்திரமான ஒரு காரியம் செய்தார். அந்த அறையில் எதெது யாருடையது என்று சொல்லச் சொன்னார். நான் ஒப்புவித்தேன். பானை செபமாலை குடும்பம். திரைச்சீலை பரமேஸ்வரி. சின்னக் கதிரைகள் ஒழுங்கைப் பெண்கள். கரண்டி, வெங்காயக்காரன்.

"கதவு?"

"உங்களுக்கு, சிஞோரா. விட்டு வைச்சிருக்கினம்."

"அதுதான் பிழை. வெறுங்கதவைக் கண்டால் ஆருக்கும் ஆசை வரும்." கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நாங்கள் ரெண்டாவதாக் குடுக்கிற ஆக்கள், குணா. எங்களுக்கு முன்னாலை அங்கையே ஆராவது குடுத்திருக்க வேணும். கதவு எங்களுக்கு வேண்டாம். அவர் வரமுதல் அதை ஆருக்கும் குடுத்திடுங்கோ."

பிள்ளைகளே, எங்கள் வேலை முழுவதையும் எனக்குக் கற்பித்த பாடம் அதுதான். அன்றைக்கு அது பாடமாகத் தெரியவில்லை. தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல்நாள் பின்னேரம். ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தப் புழுக்கக் காற்று, சிரொக்கோ, வீசிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் வள்ளத்துக்குப் பூசும் நீலப் பெயின்ற் ஒரு பேணி வாங்கிக்கொண்டு போனேன். திரேசா அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, அவர் தன்ரை தாயின்ரை பேரைத்தானே போடக் கேட்டவர்? இன்னொரு தாயின்ரை பேர் அதிலை இருந்தால் அழிச்சுப்போட்டுத் தன்ரை கல்லை வைப்பாரோ? சந்தை பாத்துக்கொண்டு நிக்க?"

அக்கா கன நேரம் கதவைப் பார்த்தார். "என்ரை அம்மா சூசையம்மா. எழுதுங்கோ. பயந்து பயந்து எழுதாமல் பெரிசா எழுதுங்கோ."

எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை இங்கே எழுதினால் இந்தத் தாள் கோபிக்கும். ஆனாலும் எழுதினேன். பிறகு இன்னும் இரண்டு தமிழ்த் தாய்மார் வந்து தங்கள் தாய்மாரைச் சொன்னார்கள். அவ்வளவுதான். பெரிய கதவில் மூன்று பெயர். மற்றப் பக்கமெல்லாம் வெறுமை. சிசிலியப் பெண்களைக் கேட்டேன். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். ஒருத்தி என்னைக் காணாதது போலப் போனாள். அவர்களைப் பிழை சொல்லாதீர்கள். நாங்கள் பயந்தால் ஜெர்மனிக்குப் போகலாம், அங்கே மச்சான் இருக்கிறார். அவர்களுக்குப் போக இடமில்லை.

கொன்செத்தா ஏப்பிரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை. நான் மத்தி விக்கிறவள்" என்றாள், கேட்காமலேயே.

"ஓம், கொன்செத்தா."

"இது என்ன எழுத்து? புழு ஊந்த மாதிரி."

"தமிழ்."

"இதை ஆர் வாசிப்பினம்?"

"நாங்கள் வாசிப்பம்."

"அந்த ஆக்கள்?"

"வாசிக்க மாட்டினம்."

அவள் எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சுற்றிவரப் பார்த்தாள். பிறகு, வாயை அசைக்காமல், மீன் விலையில் இரகசியமாகக் குறைத்துத் தருகிறவளைப் போலச் சொன்னாள்:

"ரொசாலியா. புழு எழுத்திலை எழுது."

அதுதான் தொடக்கம். காய்கறி வாங்க வந்தவர்கள் போல ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தோளுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெயரை முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். கார்மேலா. ஜுசெப்பீனா. ரொசாலியா. அன்னா. திரும்ப ரொசாலியா. நகரத்தின் புனிதையே ரொசாலியா என்றால் வேறு எப்படி இருக்கும்? நாங்களும் வருடா வருடம் மலையேறி அவவைக் கும்பிடுகிறோம்தானே. இருட்ட முதல், அடி வரி தவிர, கதவு நிறைந்துவிட்டது. கொன்செத்தாவின் ரொசாலியா நடுவில், கல் வைக்க வேண்டிய அதே இடத்தில்.

மறுநாள் விடிய நான் போனபோது அறையில் கைவிட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான்.

"மற்றதுகள் எங்கை அக்கா?"

திரேசா அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "தாய்மார் பயந்திட்டுதுகள். உள்ளுக்கை விட்டுப் பூட்டிப்போட்டு வேலைக்குப் போட்டுதுகள்."

அவருடைய மகள் மூலையில் இருந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையைப் பாவிக்காமல். நான் வெளியே வந்துவிட்டேன். கனவானை நினைத்துப் பயந்ததைவிட, அடுப்போடு பூட்டப்பட்டிருக்கும் அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

அவர் சொன்னபடி வந்தார். கல்லுக்காரன் ஒருவன், துணியில் சுற்றிய பாரமான ஒன்றைச் சுமந்துகொண்டு. பின்னால் இரண்டு இளைஞர்கள், கையில் ஒன்றுமில்லாமல். அந்த ஒன்றுமில்லாத கைகளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. சந்தை விற்றுக்கொண்டே வாயை மூடிக்கொண்டது.

கனவான் கதவைப் பார்த்தார். நல்லாக நேரம் எடுத்துப் பார்த்தார்.

"இது என்ன, சிஞோர் தம்பி?"

"பேர்கள்" என்றேன். என் முகம் ராசா. முழங்காலை ஒருவரும் பார்க்காமல் இருக்க வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வாளியின் பிடி டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"வாசியுங்கோ."

இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தில் கேட்க ஆசை. செபம் என்று சொல்லியிருக்கலாம். ஊர்ப் பாட்டு என்று சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றவர்களில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் பொய் சொன்னால் அதைக் கடைசிவரை கொண்டிழுக்கத் தைரியம் வேண்டும், என்னிடம் உண்மை சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. வீட்டுப் பெயர் ஒன்றும் இல்லை, வெறும் பெயர்தான். பலெர்மோவில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் பாதிப் பேர் திரும்பும் பெயர்கள்.

"கார்மேலா" என்று வாசித்தேன். "சூசையம்மா. ஜுசெப்பீனா. அன்னலட்சுமி. அன்னா. ரொசாலியா..."

"இவை ஆர்?"

"தாய்மார், சிஞோர். எல்லாரின்ரையும் அம்மாமார். கதவு அவையின்ரை உபயம்."

கனவான் திரும்பக் கதவைப் பார்த்தார். பிறகு, "என்ரை அம்மாவும் ரொசாலியாதான்" என்றார். அது பயமுறுத்தலா, வேறு ஏதுமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. "ரொசாலியா எண்டது எது?"

நடுவில் இருந்ததைக் காட்டினேன். அவர் முன்னுக்கு வந்து அதன்மேல் விரலை வைத்தார், இது என்னுடையது என்பது போல.

சிரொக்கோ வீசும்போது வள்ளப் பெயின்ற் இலேசில் காயாது. விரலை எடுத்தார். முழு நீலம். ரொசாலியாவின் பாதி அவருடைய விரலில் இருந்தது.

இரண்டு இளைஞர்களும் ஓரடி முன்னுக்கு வந்தார்கள். என் வாளி நின்றுவிட்டது. பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் முழங்காலும் ஆடுவதில்லை என்று அன்றுதான் அறிந்தேன்.

அப்போது எதிர்ப்பக்கம் இருந்து கொன்செத்தா வந்தாள். கையில் மண்ணெண்ணெய் தோய்த்த பழந்துணி. ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே அவரிடம் போய், "கையைத் தா" என்றாள்.

அவர் கொடுத்தார். ஏன் என்று கேட்காதீர்கள். சேற்றில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கையைத் துடைப்பது போல அந்த விரலைப் பிடித்துத் துடைத்தாள். நகக்கண் வரைக்கும் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீ அழிச்சது என்ரை அம்மாவை."

துணியை மடித்தாள். அதன்பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளுடைய உதடு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "தம்பி, என்ரை அம்மாவைத் திருப்பி எழுது. கீழை இடம் இருக்கு, இவன்ரை அம்மாவையும் எழுது. மற்றவையின்ரை அளவிலை. பெரிசா வேண்டாம்."

எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, குந்தியிருந்து, கதவின் கடைசி வரியில் இன்னொரு ரொசாலியா. எழுத்து கடல் அலை மாதிரி வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"நல்ல எழுத்து" என்றார்.

என் கையெழுத்தை வாழ்நாளில் புகழ்ந்த ஒரே மனிதர் அவர்தான். கல்லுக்காரனைப் பார்த்துத் தலையை அசைத்தார். கல் வந்தபடியே திரும்பிப் போனது.

சுபம் என்று முடிக்கலாம். முடித்தால் நான் உங்களிடம் பொய் சொன்னவன் ஆவேன். அடுத்த நாள் விடிய வந்து பார்த்தால் கதவின் பூட்டுக்குள் பசை. கல்லாக இறுகிப்போயிருந்தது. இந்த நகரத்தில் அது அந்த ஆக்களின் எச்சரிக்கை என்று கடை வைத்திருக்கும் எவரும் சொல்வார்கள். அவர் செய்தாரா, அவருக்குச் சந்தையில் நடந்ததைப் பொறுக்காத வேறு யாருமா, இன்றுவரை தெரியாது. ஒழுங்கையில் தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள், பூட்டிவிட்டுப் போக.

"நில்லுங்கோ!" என்று திரேசா அக்கா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருதரம்தான். மகளை என் கையில் தந்துவிட்டு, சத்தம் கேட்டு வந்த கொன்செத்தாவின் சகோதரனிடம் இருந்த அலவாங்குக் கம்பியைப் பறித்தார். அவன் அதைத் திருப்பி வாங்கித் தானே உடைத்தான். "பூட்டை உடை, எழுத்திலை படாமல்!" என்று கொன்செத்தா பக்கத்தில் நின்று வேலை ஏவினாள்.

மத்தியானம் நான் புதுப் பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கடையில் இருந்ததிலேயே பெரியது. அக்கா அதைக் கையில் வாங்கி, பாரம் பார்த்து, திருப்பித் தந்தார்.

"வேண்டாம் தம்பி. பூட்டு வைச்சால் பசை வைப்பாங்கள். இல்லாட்டி எதுக்குள்ளை வைப்பாங்கள்? பூட்டினது காணும் எனக்கு."

"அப்ப கதவை ஆர் காவல் பாக்கிறது?"

"அதிலை பேர் இருக்கிற தாய்மாரின்ரை பிள்ளையள் பாக்கட்டும்."

அன்றிலிருந்து அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. பகல் முழுக்க வாசலில் ஒரு பெண் இருப்பாள், முறை வைத்து. ஒருநாள் கார்மேலாவின் மகள், ஒருநாள் அன்னலட்சுமியின் மகள். பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அதன் பிறகுதான் நாங்கள் கூரை போட்டுக் கொடுத்தோம், இரண்டாவதாக. இன்னும் என்ன வேண்டும் என்று சிஞோரா கேட்டனுப்பினார். வாசலில் இருக்க ஒரு நல்ல கதிரை என்று அக்கா சொல்லிவிட்டார். வாங்கிக் கொடுத்தோம். எங்கள் அறக்கட்டளையின் பெயர் அந்த வீட்டில் எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அந்தக் கதிரையின் அடிப்பக்கம்தான். பார்க்க வேண்டும் என்றால் கவிழ்க்க வேண்டும்.

கதிரை போய்ச் சேர்ந்த கிழமையே சிஞோராவும் வந்தார். சொல்லாமல், தனியாக. இன்றைக்கு யாருடைய முறை என்று கேட்டார். கொன்செத்தாவினுடையது என்றோம். "அவவுக்கு வியாபாரம் இருக்கு, நான் இருக்கிறன்" என்று கதிரையில் இருந்தார். கறுப்புக் கைப்பை மடியில், இரண்டு கையும் அதன்மேல், முகம் ராணி மாதிரி. கனவான் சந்தைக்குள்ளால் போனார். தொப்பியைத் தொட்டார். சிஞோராவும் தலையை ஆட்டினார். அவர் மூலை திரும்பும்வரை சிஞோரா அசையவில்லை.

நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அதனால்தான் கண்டேன். கைப்பையின் கொளுவி டிங் டிங் என்று மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும், அந்தப் பையை வைத்து, அவர் அவற்றை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் கண்டதை அவரும் கண்டார்.

அடுத்த நாள் பல்லாரோச் சந்தைக்குப் போய் நானும் ஒரு பை வாங்கினேன்.